ஐந்தே முக்காலுக்கு அடித்த மணி

கோமதி,

உனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்களே தவிர, வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. இரண்டு வருடம் உன் வாயை வைத்துத் தொழில் நடத்திய கம்பனி, உன் பெயரை நீ சொன்னதற்காக ஒரே பகலில் உன்னை நீக்கியது. நீ திருடவில்லை, வகுப்புக்குப் பிந்தவில்லை, படிக்க வந்தவர்களைக் கடிந்து பேசவில்லை. சொந்தப் பெயரையும் சொந்த ஊரையும் சொன்னாய், அவ்வளவுதான். அந்த அநியாயத்துக்குள்ளே இன்னொரு அநியாயம் இருக்கிறது. அதைச் செய்தவன் நான். அது உனக்குத் தெரியாது. தெரியாமலே தை மாதம் கல்யாணமாகிக் கம்பளைக்குப் போய்விடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனால் ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் படிக்கட்டும், கம்பனிக்காரர் படிக்கட்டும், பிள்ளையின் பெயரை மாற்றி வேலைக்கு அனுப்புகிற மற்றத் தகப்பன்மாரும் படிக்கட்டும்.

அவர்களுக்காக உன் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எக்குவடோர், கொலம்பியா என்று உலகத்தின் மறுபக்கத்தில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கு, கண்டி மஹய்யாவவில் நம் வீட்டு உள்ளறையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கணினி வழியாக ஆங்கில உயிரொலிகளைப் பழக்கினாய். இலக்கணமோ கட்டுரையோ இல்லை, வெறும் ஒலி. முதல்முறை நீ சொன்னபோது நான் சிரித்தேன். "அவங்க பாஷைல உயிரொலி அஞ்சுதாம்ப்பா. குறிலும் இல்ல, நெடிலும் இல்ல" என்றாய். "அஞ்ச வச்சிக்கிட்டு ஒரு கண்டமே பேசுதா?" என்று கேட்டேன். "பேசுதுப்பா, பாடவும் செய்யுது. இங்கிலீசுக்கு வந்தாத்தான் மாட்டிக்கிறாங்க. ஷிப்புன்னு கப்பலும் ஷீப்புன்னு செம்மறியும் அவங்க வாயில ஒண்ணாத்தான் வருது. நெறஞ்ச ஃபுல்லும் முட்டாள் ஃபூலும் ஒண்ணு" என்றாய். இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். வாயைத் திறப்பதையும் மூடுவதையும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. என் ஆங்கிலம் கண்ணால் படித்த ஆங்கிலம். நகரத்தில் தண்ணீர் மீட்டர் பார்த்துத் திரிந்த காலத்தில் வாசல் கேட்டுகளில் தொங்கிய பலகைகளைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டினேன். நாய் கவனம் என்ற பலகைதான் எனக்கு அரிச்சுவடி. ஏன் கவனமாக இருக்க வேண்டும் என்பதை நாயே வந்து விளக்கிவிடும். பிறகு நடைபாதையில் அட்டை இல்லாத அகராதி ஒன்றை வாங்கினேன். எழுதியிருப்பதை எழுதியபடி சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கத்திக்குரிய ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தை விழுங்க வேண்டும் என்று நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்னபோது, "எழுத்து இருக்கப்போ ஏன் முழுங்கணும்? எழுதினவனுக்குப் பைத்தியமா?" என்று கேட்டு, 'க்னைஃப்' என்று ஒரு வாரம் உன்னைச் சொல்ல வைத்தேன். வகுப்பில் சிரித்தார்களாம். நீ அழுதுகொண்டு வந்தபோதும் நான் இறங்கவில்லை. இன்னொரு சட்டமும் போட்டிருந்தேன்: வீட்டுக்குள் சிங்களம் கலக்கக் கூடாது. தெருவில் விளையாடிவிட்டு ஒரு சிங்களச் சொல்லோடு உள்ளே வந்தால், வாசலில் நிறுத்தி அதைத் தமிழில் சொல்லச் சொல்வேன். இரண்டு சட்டமும் தவறு. எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரிய உனக்கு இருபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

அதைத் தெரிந்துகொண்டது சாமி அறையில். உன் அறைக்கும் சாமி தட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. மேலே கூரை வரை அது எட்டாது. விடியற்காலை ஐந்தரைக்கு உன் வகுப்பு. அங்கே அவர்களுக்கு முதல் நாள் மாலை ஏழு மணி. இங்கே இன்றைக்கு ஆரம்பமாகும்போது அங்கே நேற்று இன்னும் முடியவில்லை. இதை நீ ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டிய பிறகும் பல நாள் எனக்குப் பிடிபடவில்லை. பூசை முடிந்து நான் பிரம்புக் கூடையில் பூ எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். நீ தடுப்புக்கு அந்தப் பக்கம் நேற்றோடு பேசிக்கொண்டிருப்பாய். ஒருநாள் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். நீ சின்னக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாய். சுண்டுவிரலைப் பல்லுக்கு நடுவே வைத்துத் தாடையின் இறக்கத்தை அளந்து காட்டினாய். குறில் வந்தால் விரலைச் சொடுக்கினாய். நெடில் வந்தால் கையை மெதுவாக இழுத்தாய், புடவையின் நுனியைப் பிடித்து மடிப்பவள் போல. நம் பள்ளிக்கூடத்தில் மாத்திரைக்கு விரல் சொடுக்கச் சொல்லித் தந்தார்களே, அதே சொடுக்கு. மூன்றாம் வகுப்பில் மறந்துபோகிற அந்தச் சங்கதியை நீ கடல் கடத்திக் கொண்டுபோயிருந்தாய்.

அதைவிடப் பெரிதாக நான் அசந்தது வேறொன்றுக்கு. பூனையையும் தொப்பியையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் ஓர் ஒலி வருகிறது. 'ஆ'வும் இல்லை, 'ஏ'வும் இல்லை. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை, ஸ்பானியத்திலும் இல்லையாம். நீ அதைச் சிரமமே இல்லாமல் சொன்னாய். அன்றைக்கு மத்தியானம் கேட்டேன், "அது எப்படி ஒனக்கு மட்டும் வருது?" நீ சிரித்தாய். "சிங்களத்துல ஏன்னு கேக்கிறப்போ மொதல்ல வருமே அந்தச் சத்தம்தான்ப்பா. தெருவுல படிச்சது. நீங்க வாசல்ல நிறுத்தி வெரட்டுவீங்களே, அது." நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை. வீட்டிலிருந்து நெடிலை எடுத்திருக்கிறாய், தெருவிலிருந்து அந்த ஒலியை எடுத்திருக்கிறாய், இரண்டையும் ஒரே வாயில் வைத்து, நான் பார்க்கவே போகாத மலைகளில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் காவல் நின்று துரத்தியதையும் சேர்த்து. ஒரு மனித வாய்க்குள் இவ்வளவு இடம் இருக்கிறதென்று அறுபத்தெட்டு வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். எந்தச் சொல்லிலும் அழுத்தம் விழாத இடத்தில் வருகிற ஒலிக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தாய்: உதடும் வேலை செய்யாது, நாக்கும் வேலை செய்யாது, ஆனால் இங்கிலீசில் அதிகம் நடமாடுகிறவன் அவன்தான். உன் மாணவர்களில் ஒருத்தி எனக்குக் குரலால் பழக்கமானாள். மர்சேலா. எக்குவடோரின் கித்தோ நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள். முன் மேசை வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்கு ஆங்கிலத்தில் நேர்முகம். ஒருமுறை ஒரு பயணியிடம் படுக்கை விரிப்பு மாற்றவா என்று கேட்கப் போய், ஷீட்டில் 'ஈ' குறுகி, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து விழுந்திருக்கிறது. அவன் நண்பர்களைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லு திரும்பச் சொல்லு என்று படம் பிடித்தானாம். அன்றிலிருந்து ஆங்கிலம் பேசும்போது அவள் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். நீ ஒவ்வொரு நாளும் ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்வாய்: "கையை எடுங்க மர்சேலா. ஒளிச்சு வச்ச வாய நான் எப்படித் திருத்துறது?" அவள் எடுப்பாள். அடுத்த நிமிடம் கை மறுபடி போய்விடும்.

ஒளித்து வைத்ததை நீயும் தூக்கிச் சுமந்துகொண்டுதானே இருந்தாய். கம்பனி உனக்கு எமிலி என்று பெயர் கொடுத்திருந்தது. ஊர் கேட்டால் குளிரான ஒரு ஆங்கில நாட்டைச் சொல்ல வேண்டும். பின்னால் செங்கல் சுவர்ப் படம். அதெல்லாம் எனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒருநாள் மர்சேலா உன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். நீ அவர்கள் எழுதிக் கொடுத்ததைச் சொன்னாய்: "என் அப்பா ஓய்வுபெற்றவர். கோல்ஃப் விளையாடப் பிடிக்கும்." தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் திருநீற்றுத் தட்டோடு நின்றிருந்தேன். அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. அவள் அடுக்களையிலிருந்து, "கோல்ஃப் ஆடுற அய்யா, தேத்தண்ணி ஆறுது, வாங்க" என்றாள். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்படி எடுக்கத் தெரியவில்லை. மழையில் நனைந்தும் நாய்க்குப் பயந்தும் இந்த மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கியது கோல்ஃப் மட்டையோடு அல்ல. எனக்குப் பதிலாக ஒருவனை வைத்துக்கொண்டாய் என்று நினைத்தேன். உனக்கு வேறு வழி இருந்ததா என்று நான் ஒரு நொடி கூட நினைக்கவில்லை.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு நான் சாமிக்கு மணி அடிப்பவன். நாற்பது வருடமாக. வேலைக்குப் போன காலத்தில் வைத்துக்கொண்ட நேரம், மாற்றியதில்லை. மணிச் சத்தம் தொல்லை என்று முறையிட்ட அயலவர்கள் எல்லாரும் வீடு மாறிப் போய்விட்டார்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். நீ வேலையில் சேர்ந்தபோது, மணியை ஆறரைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாய். முடியாது என்றேன். நீ சண்டை பிடிக்கவில்லை. வகுப்பின் முதல் இரண்டு நிமிடம் அவர்களைச் சொற்களை எழுதச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்து வைத்தாய். என் மணி உன் மௌனத்துக்குள் அடித்து முடிந்துவிடும். இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் இராச்சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னாய்: "நாளைக்கு மேலருந்து ஒரு ஆளு வகுப்புக்குள்ள வந்து கேப்பாங்கம்மா. சரியா இருந்தா நிரந்தரமாக்குவாங்க. அஞ்சரை மணி பிரச்சன இல்ல. அதுக்குப் பெறகு ஒரு சத்தம் வரக் கூடாது." அம்மா சொன்னாள்: "அப்பா அடிச்சா அடிச்சதுதான். கடிகாரம் பிந்தினாலும் அவரு பிந்த மாட்டாரு." நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு நான் மணியைத் தொடவில்லை. "என்னங்க, மணி அடிக்கலயா? மேலுக்கு ஏலாதா, காய்ச்சலா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். "பொறு" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ மைக்கைப் போட்டுப் பாடத்தை ஆரம்பிக்கும் வரை காத்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கு எடுத்து அடித்தேன். நாற்பது வருடத்தில் அடிக்காத அடி. சாமிக்கு அடிக்கவில்லை, கோமதி. எமிலிக்கு அடித்தேன். அந்தக் கோல்ஃப்காரனுக்கு அடித்தேன். யாருக்காகவும் மாற்றாத நேரத்தை உன்னைக் கெடுப்பதற்காக மாற்றினேன். நீ இன்றுவரை அதைத் தற்செயலாகப் பிந்திய மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

மணி ஓய்ந்ததும் மர்சேலாவின் குரல் கேட்டது. "எமிலி, அது என்ன? பக்கத்தில் தேவாலயமா?" ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உன் வேலை தப்பியிருக்கும். மேற்பார்வைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இடுக்கில் கண்ணை வைத்தேன். திரையில் அவள் வாயை மூடியிருந்தாள், வழக்கம்போல. நீ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய்: "தேவாலயம் இல்லை. அது என் அப்பா. என் பெயர் எமிலி இல்லை, கோமதி. நான் இலங்கையில், கண்டியில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கோல்ஃப் தெரியாது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். தினமும் விடிய மணி அடிப்பார். உங்களிடம் கையை எடுக்கச் சொல்லிவிட்டு நான் எடுக்காமல் இருந்தேன்." அதோடு நிற்கவில்லை. தடுப்பைப் பார்த்துத் தமிழில் கூப்பிட்டாய்: "அப்பா! இன்னொரு தடவ அடிங்க!"

கெடுக்க அடித்தவனைத் துணைக்குக் கூப்பிடுகிறாயே என்று நின்றேன். "அப்பா, இருக்கீங்களா?" என்றாய். அடித்தேன், ஒரே அடி. ஒலி நீண்டு நீண்டு கூரைத் தகரத்தைத் தொட்டு ஓய்ந்தது. "இப்ப அடிச்சவொடனே நாக்கப் புடிச்சிருங்க" என்றாய். அடித்து, மணியின் நாக்கை விரலால் விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். ஒலி பொட்டென்று நின்றது. நீ மர்சேலாவிடம் சொன்னாய், முதலில் கேட்டது நீளம், இது குறுக்கம். ஆனால் நீளம் மட்டும் போதாது, நீளும்போது உதடு சிரிப்பது போல இழுபட வேண்டும், குறுகும்போது தளர வேண்டும், கண்ணாடியில் பாருங்கள் என்று. கண்ணாடியில் பார்க்க வேண்டுமானால் கையை எடுத்தாக வேண்டும். அவள் எடுத்தாள். நான் அடித்தேன், அவள் சொன்னாள். நான் பிடித்தேன், அவள் நிறுத்தினாள். படுக்கை விரிப்பு என்ற அந்தச் சொல் பூமியின் மறுபக்கத்திலிருந்து ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கை மட்டும் வாய்க்குத் திரும்பவில்லை. நான் கோயில்கள் பார்த்திருக்கிறேன், பெரஹரா ஊர்வலத்தில் யானை வரிசை பார்த்திருக்கிறேன். அன்று நின்றது போல எங்கும் நின்றதில்லை. என் கையில் இருந்த பித்தளை இன்னொருத்தியின் நாக்கைத் திருப்பியது. அதைத் திருப்பத் தெரிந்தவள் என் மகள்.

மத்தியானம் கம்பனியின் கடிதம் வந்தது. அம்மா என்னைப் பார்த்து வாயெடுத்தாள். நீ தடுத்தாய்: "அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. வழக்கமா அடிக்கிறதுதானே, கொஞ்சம் பிந்திருச்சு." அந்த வார்த்தையைத்தான் இத்தனை நாளும் விழுங்க முடியாமல் வைத்திருந்தேன். மர்சேலாவின் தொடர்பும் கம்பனியோடு போய்விட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உன் பெயரும், ஊரும், ஒரு மணியும். மூன்று வாரமாகக் கண்டியில் இருக்கிற கோமதிகளை ஒவ்வொருவராகத் தேடி, "உங்கள் அப்பா மணி அடிப்பாரா?" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கோமதி, "எங்க அப்பா குறட்டதான் விடுவாரு" என்று பதில் போட்டாளாம். கடைசியில் உன்னைக் கண்டுபிடித்தாள். இப்போது சொந்தப் பெயரோடு அவளுக்குப் பாடம் எடுக்கிறாய். அவளுடைய நேர்முகம் இந்த வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின கடைசிப் பாடம் நமக்கு வெள்ளி விடியல்.

இதற்கிடையில் கம்பனி மறுபடி எழுதியிருக்கிறது. மாணவர்கள் உன்னைக் கேட்கிறார்களாம். திரும்பி வரலாம், ஆனால் ரேச்சல் என்ற பெயரில், சத்தமில்லாத வீட்டிலிருந்து. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அவரும் வந்து சொன்னார்: "கம்பளை வீட்டுல உள்ளறைக்குப் பஞ்சு அடிச்சுத் தாரேன் மாமா. வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்காது. பேரு எதுவா இருந்தா என்ன, வேலதானே?" நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். யோசிக்கிறாய் என்று தெரிந்தது. அதனால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். என்னை மாற்ற முடியாது என்று உனக்குத் தெரியும். முடிந்த இடத்தில் மாறியிருக்கிறேன், அதையும் பார்.

கம்பனி உன்னைக் கோமதி என்ற பெயரில் திரும்ப எடுக்க வேண்டும். உன் மாணவர்கள் எல்லாருக்கும், உங்கள் ஆசிரியை தானாகப் போகவில்லை, நாங்கள்தான் நீக்கினோம் என்று எழுத வேண்டும். அதைச் செய்ய மாட்டோம் என்றால், திங்கட்கிழமை நீ மாட்டேன் என்று எழுத வேண்டும். ஒரு வரி போதும். மாப்பிள்ளை அந்த அறைக்குப் பஞ்சு அடிக்கக் கூடாது. கதவு வைத்துக் கொடுக்கட்டும், ஜன்னலும் திறக்கட்டும். கம்பளை ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிற சத்தம் உன் வகுப்புக்குள் கேட்டால் கேட்கட்டும். பிள்ளைகள் பிறந்தால் தெருவில் பொறுக்கிக்கொண்டு வருகிற எந்தச் சொல்லையும் யாரும் வாசலில் நிறுத்தக் கூடாது, நான் வந்திருந்தாலும். அம்மா என்னைக் கோல்ஃப் அய்யா என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். நிறுத்த மாட்டாள், பரவாயில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது நீ முடிவு செய்வது, அதற்கு நாள் குறிக்கிற உரிமை எனக்கில்லை.

மர்சேலா வெள்ளிக்கிழமை கையைக் கீழே வைத்துக்கொண்டு பேச வேண்டும். நான், அன்று விடிய ஐந்தரைக்கு மணி அடிக்காமல் பூசையை முடித்துவிட்டு, மணியைக் கையில் எடுத்துக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். இந்த முறை நேரத்தை நீ சொல். நீட்ட வேண்டுமென்றால் நீட்டுகிறேன், பிடிக்க வேண்டுமென்றால் பிடிக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்று கூப்பிட்டது போல, தமிழில், அவளுக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட வேண்டும்.

அப்பா